தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை: வாங்கும் நாளிலேயே கேட்டுக்கொள்ள வேண்டியவை

தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் பென்சோடயசெபீன் (சுருக்கமாக பென்சோ) வகை மாத்திரையை ஒருவர் கையில் கொடுக்கும்போது நான் தவறாமல் கேட்பது இதுதான்: "இதை எப்போ நிறுத்தணும்னு டாக்டர் சொன்னாரா?" பெரும்பாலும் விழிப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாலைந்து ராத்திரி கண்ணை மூடாமல் வந்தவருக்கும், பெருவிரைவு ரயிலில் திடீரென்று நெஞ்சு படபடத்து மூச்சு முட்டி வந்தவருக்கும் மருந்து கிடைத்ததே பெரிய விஷயம். நிறுத்துவதைப் பற்றி அப்போது யாருக்கு யோசனை வரும்? ஆனால் இந்த வகை மாத்திரையில் பிற்பாடு வருகிற தொல்லைகளில் பாதி, அந்தக் கேள்வியை முதல் நாளே கேட்காததால் வருகிறவை.

நான் சிங்கப்பூரில் மருந்தாளர். தமிழ் பேசும் மூத்தோர் யாராவது கவுண்டருக்கு வந்தால் சக ஊழியர்கள் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அவர்களிடம் அவசர அவசரமாகச் சொல்வதை இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். உங்கள் உடம்பைப் பார்த்த டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் ஏன் என்று அவரிடமே விளக்கம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கையில் இருப்பது எது?

இங்கே கிளினிக்குகளிலேயே மருந்தும் தந்துவிடுகிறார்கள். சின்னப் பிளாஸ்டிக் உறை, மேலே ஒரு ஒட்டுத்தாள். அதில் உங்கள் பெயர், தேதி, மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எப்போது போட வேண்டும் என்று இருக்கும். முதல் வேலை, அந்த ஒட்டுத்தாளைப் படிப்பது. டயசிபாம், லொராசிபாம், குளோனசிபாம், அல்ப்ராசோலாம், மிடசோலாம் என்று 'பாம்', 'லாம்' என முடிகிற பெயராக இருந்தால் அநேகமாக இந்தக் குடும்பம்தான். சில சமயம் வேலியம், ஆட்டிவான், சானாக்ஸ், ரிவோட்ரில், டோர்மிக்கம் என்று கம்பெனிப் பெயர் மட்டும் இருக்கும். புரியாவிட்டால் கேளுங்கள், சொல்லத்தான் நாங்கள் இருக்கிறோம்.

சோல்பிடெம், சோப்பிக்லோன் என்ற தூக்க மாத்திரைகள் வேறு வகையைச் சேர்ந்தவை. ஆனாலும் மூளையில் அதே இடத்தில்தான் வேலை செய்கின்றன, அதனால் கீழே சொல்லும் எச்சரிக்கைகள் பெரும்பாலும் அவற்றுக்கும் பொருந்தும். தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, சமைப்பது, வண்டி ஓட்டுவது என்றெல்லாம் சிலருக்கு நடந்ததால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-இல் சோல்பிடெம் உள்ளிட்ட இந்த வகை மருந்துகளுக்குக் கடுமையான எச்சரிக்கை போட்டது. ஹைட்ராக்சிசின் என்று எழுதியிருந்தால் அது ஒவ்வாமை மருந்து வகை. தூக்கம் வரும், ஆனால் பென்சோ இல்லை.

மில்லிகிராம் கணக்கில் ஏமாந்துவிடாதீர்கள். "போன தடவை அஞ்சு கொடுத்தாங்க, இப்போ அரைதானே, லேசான மருந்துதான்" என்று ஒரு அண்ணன் நிம்மதியாகச் சொன்னார். முன்னது டயசிபாம் 5 மில்லிகிராம், இப்போது கையில் இருந்தது அல்ப்ராசோலாம் 0.5 மில்லிகிராம். அந்த அரை, டயசிபாம் 5 முதல் 10 மில்லிகிராமுக்குச் சமம். ஒரு மருந்தின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது.

அது உள்ளே போய் என்ன செய்கிறது? நம் மூளையில் காபா என்ற வேதிப்பொருள் இருக்கிறது. நரம்புகள் அளவுக்கு மீறித் துடிக்கும்போது அவற்றை அடக்கும் பிரேக் அதுதான். பென்சோ புதிதாக ஒரு பிரேக்கைக் கொண்டுவருவதில்லை, இருக்கிற பிரேக்கையே இன்னும் அழுத்திக் கொடுக்கிறது. பதற்றம் குறைகிறது, தூக்கம் வருகிறது, தசை தளர்கிறது, வலிப்பு அடங்குகிறது. கூடவே நிதானமும் ஞாபகமும் கொஞ்சம் குறைகின்றன. நல்லதும் கெட்டதும் ஒரே இடத்திலிருந்து வருவதால், ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதை வேண்டாம் என்று சொல்ல முடியாது.

மருந்து உடம்பில் எவ்வளவு நேரம் தங்கும் என்பது ஒவ்வொன்றுக்கும் மாறும். மிடசோலாம் சில மணி நேரத்தில் போய்விடும். அல்ப்ராசோலாமும் லொராசிபாமும் பாதியாகக் குறையவே சுமார் அரை நாள் ஆகும். டயசிபாம் அப்படி இல்லை. அது பாதியாகக் குறைய ஒன்றிரண்டு நாள் ஆகும், உடைந்து உருவாகும் பொருளும் வீரியமுள்ளது, அது இன்னும் அதிக நாள் தங்கும். தினமும் போட்டால் நேற்றைய மிச்சத்தின் மேல் இன்றையது சேரும். "மாத்திரை ராத்திரிதானே போட்டேன், மத்தியானம் ஏன் தலை கிறுகிறுன்னு இருக்கு?" என்பதற்குப் பதில் இதுதான்.

எதற்கு இது அருமையான மருந்து

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. ஹாஃப்மன்-லா ரோஷ் கம்பெனியில் லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலர் கண்டுபிடித்த முதல் பென்சோவான குளோர்டயசிபாக்சைடு 1960-இல் சந்தைக்கு வந்தது. டயசிபாம் 1963-இல் வந்தது. அதற்கு முன் தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுத்த பார்பிட்யூரேட் மாத்திரைகளில் அளவு கொஞ்சம் கூடினாலே உயிர் போய்விடும். அவற்றோடு பார்த்தால் பென்சோ எவ்வளவோ மேல். சிக்கல் என்னவென்றால், பாதுகாப்பானது என்ற பெயரை நம்பி உலகம் முழுக்க வாரி வழங்கிவிட்டார்கள். அமெரிக்காவில் 1969-இலிருந்து 1982 வரை அதிகம் விற்ற மருந்தே வேலியம்தான்.

வலிப்பு 5 நிமிடத்துக்கு மேல் நிற்காமல் போனால், ஆம்புலன்சிலும் அவசரப் பிரிவிலும் முதலில் கை போவது இந்த மருந்துக்குத்தான். லொராசிபாம் அல்லது டயசிபாமை ரத்தக் குழாயில் ஏற்றுவார்கள், இல்லையென்றால் மிடசோலாமைத் தசையிலோ மூக்கிலோ கன்னத்துக்கு உள்ளேயோ கொடுப்பார்கள். அங்கே இதற்கு ஈடாக வேறொன்றைச் சொல்வது கடினம். குடல், இரைப்பைக்குள் குழாய் விட்டுப் பார்க்கும்போது கொடுப்பதும் மிடசோலாம்தான். "எப்போ ஆரம்பிக்கப் போறீங்க?" என்று நோயாளி கேட்பார். எல்லாம் முடிந்திருக்கும், நடந்தது எதுவும் அவர் நினைவில் இருக்காது. அன்றைக்குத் தனியாக வீட்டுக்குப் போகக்கூடாது, வண்டி ஓட்டக்கூடாது, எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடக்கூடாது என்று சொல்வது அதனால்தான்.

குடியை நிறுத்தும்போதும் இது உயிர் காக்கும். தினமும் அளவுக்கு மீறிக் குடித்தவர், சாமிக்கு மாலை போட்டாச்சு, இன்றோடு சரி என்று ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், வலிப்பும் வரலாம். மது அழுத்துவதும் அதே காபா பிரேக்கைத்தான். அதனால் மருத்துவமனையில் டயசிபாம் அல்லது குளோர்டயசிபாக்சைடு கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். வீட்டில் யாராவது குடியை விட நினைத்தால் மகிழ்ச்சி, ஆனால் முதலில் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பதற்ற நோய்க்கும் தூக்கமின்மைக்கும் வருவோம். நம்மில் பெரும்பாலோர் வாங்குவது இந்த இரண்டுக்கும்தான். கடும் பதற்றத்துக்கு நீண்டகாலச் சிகிச்சை என்றால் அது மனநல நிபுணரோடு பேசிப் பெறும் சிகிச்சையும் செர்ட்ரலின், எசிட்டலோப்ராம் மாதிரியான மருந்துகளும்தான். ஆனால் அந்த மருந்துகள் பிடிக்க 2 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்க, ரொம்பவும் முடியாதபோது மட்டும் போட்டுக்கொள்ள என்று பென்சோவைக் கொஞ்சம் தருவார்கள். அது சரியான பயன்பாடு. மாமியாரோடு சண்டை, வேலையிடத்தில் அழுத்தம், வீட்டில் ஒரு சாவு என்ற காரணங்களுக்காக மாதக்கணக்கில் போடுவது சரியில்லை. துக்கத்தை மாத்திரை கரைக்காது, தள்ளிப்போடும்.

கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும்போதே

சிங்கப்பூர் சுகாதார அமைச்சு 2008-இல் டாக்டர்களுக்கு ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. பென்சோ போன்ற தூக்க மருந்துகளைக் குறுகிய காலத்துக்கே, அதாவது 2 முதல் 4 வாரத்துக்கே எழுத வேண்டும், தூக்கத்துக்கு என்றால் இரண்டு மூன்று ராத்திரிக்கு ஒரு தடவை போடும்படி தர வேண்டும், மொத்தத்தில் 8 வாரத்தைத் தாண்டினால் அதற்குரிய சிறப்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது அதன் சாரம். "போன மாசம் கொடுத்த அதே டாக்டர் இந்த மாசம் ஏன் மாட்டேங்கிறார்?" என்று கோபப்படுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். அவர் கஞ்சத்தனம் பண்ணவில்லை. அவர் கொடுக்கவில்லை என்று அடுத்த புளோக்கில் இன்னொரு கிளினிக், அதற்கடுத்து இன்னொன்று என்று ஏறி இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு டாக்டருக்கும் முழுக்கணக்கு தெரியாது, உடம்புக்கு மட்டும்தான் தெரியும்.

அதனால் டாக்டர் எழுதும்போதே பேசிவிடுங்கள். எத்தனை நாளைக்கு? தினமுமா, தேவைப்பட்டால் மட்டுமா? தேவை என்றால் எந்த அளவுக்கு? நிறுத்தும்போது அப்படியே விடலாமா, குறைத்துக்கொண்டே வர வேண்டுமா? இத்தனைக்கும் ஒரு நிமிடம் போதும். பிறகு நீங்கள் சொல்ல வேண்டியவை. குறட்டை விட்டு நடுவில் மூச்சு நிற்கும் நோய், நாள்பட்ட நுரையீரல் நோய், கல்லீரல் கோளாறு, தசை பலவீன நோயான மயஸ்தீனியா, கர்ப்பம், தாய்ப்பால், முன்பு குடியோ போதையோ இருந்த பழக்கம். கடைசியாகச் சொன்னதை மட்டும் எல்லோரும் விழுங்கிவிடுவார்கள், குறிப்பாகக் கூட மனைவி உட்கார்ந்திருந்தால். தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

தூக்கமின்மைக்கு என்றால், மாத்திரை இல்லாத சிகிச்சை ஒன்று இருக்கிறது, அதுதான் முதல் தேர்வு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தூக்கமின்மைக்கான நடத்தைச் சிகிச்சை என்பார்கள். தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வந்தால் மட்டும் கட்டிலுக்குப் போவது, இருபது நிமிடம் போல ஆகியும் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவது, கட்டிலில் கைப்பேசி பார்க்காமல் இருப்பது என்று போகும். கேட்பதற்குச் சப்பென்று இருக்கும். ஆனால் மாத்திரை நின்ற பிறகும் பலன் நிற்பது இதில்தான். மாலை ஐந்து மணிக் கோப்பியையும் விட வேண்டும். அதிலுள்ள காஃபின் பாதி குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். கோப்பிக் கடையில் ஆறு மணிக்கு இரண்டாவது கோப்பி குடித்துவிட்டு, பத்து மணிக்குத் தூக்க மாத்திரை போடுகிறவர்களை எனக்கு நன்றாகவே தெரியும்.

எதனோடு சேரக்கூடாது

மது. முதலும் முக்கியமும் அதுதான். பென்சோவை மட்டும் அதிகம் போட்டு இறப்பது அரிது. மதுவோ ஓப்பியாய்டு வலி மருந்தோ கூடச் சேர்ந்தால், மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து தூக்கத்திலேயே நின்றுபோகும். டிரமடால், கோடீன் எல்லாம் ஓப்பியாய்டு குடும்பம். சில இருமல் மருந்துகளில் கோடீன் உண்டு. அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்தச் சேர்க்கைக்கு 2016-இல் மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட்டது. மருந்துக்கு அடிமையாவது பற்றி 2020-இல் இன்னொன்றையும் சேர்த்தது.

சளிக்கு வாங்கும் குளோர்ஃபெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் மாதிரித் தூக்கம் வரவைக்கும் மருந்துகள், நரம்பு வலிக்கான காபாபென்டின், பிரிகாபலின் ஆகியவையும் தூக்கக் கலக்கத்தைக் கூட்டும். கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, கீட்டோகோனசோல், இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்துகள், கிரேப்ஃப்ரூட் சாறு எல்லாம் மிடசோலாம் போன்ற சில பென்சோக்கள் உடம்பிலிருந்து வெளியேறாமல் தடுக்கும். அப்போது போட்டது ஒன்று, உடம்பில் இருப்பது அதைவிடக் கூடுதல் என்று ஆகிவிடும். அதனால் எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் வீட்டில் இருக்கும் மருந்து உறைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். ஒரு ஆண்ட்டி பிஸ்கட் டின்னோடு வந்தார். கவுண்டரில் கொட்டினால், மூன்று கிளினிக்குகளின் உறைகளில் மூன்று வெவ்வேறு தூக்க மருந்து. அவருக்கோ எல்லாம் 'வெள்ளை மாத்திரை'. அவர் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தாரே, அதுதான் அன்றைக்கு நடந்த நல்ல காரியம்.

வண்டி ஓட்டுவது பற்றி: சிங்கப்பூர்ச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் மது மயக்கத்தோடு மருந்து மயக்கத்தையும் சேர்த்தே பேசுகிறது. டாக்டர் கொடுத்ததுதானே என்று சொல்லித் தப்ப முடியாது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற தம்பிகள், சாரம் ஏறி வேலை பார்க்கிறவர்கள், கிரேன் இயக்குகிறவர்கள் இதை இரண்டு தடவை படியுங்கள். தங்குவிடுதியில் நண்பன் நல்ல மனதோடு "அரை போடுடா, தூக்கம் வரும்" என்று ஒன்றை நீட்டுவான். வாங்காதீர்கள். காலை ஐந்து மணிக்கு லாரி ஏறும்போது அந்த மருந்து இன்னும் உங்களுக்குள்தான் இருக்கும். தூக்கம் வரவில்லை என்று டாக்டரிடம் சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம் பலருக்கு இருப்பது தெரியும். உயரத்தில் ஏறுகிற வேலை என்பதைச் சொல்லி, அதற்கேற்ற மருந்து கேளுங்கள்.

வயதானவர்கள் உள்ள வீட்டில்

65 வயதைத் தாண்டியவர்களுக்கு முடிந்தவரை பென்சோவே வேண்டாம் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பட்டியல் சொல்கிறது. வயதாக ஆக ஈரலும் மூளையும் மருந்தைக் கையாளும் விதம் மாறிவிடுகிறது. விழுவது, இடுப்பெலும்பு முறிவது, நாள் கிழமை தெரியாமல் குழம்புவது எல்லாம் கூடும். அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்று அழுதுகொண்டு வருகிற பிள்ளைகளிடம், மறதி நோய் என்று முடிவு கட்டும் முன் மருந்துப் பையைக் காட்டுங்கள் என்பேன். எல்லா மறதிக்கும் மாத்திரை காரணமில்லை, ஆனால் அதைப் பார்க்காமல் விடக்கூடாது. சிலருக்கு, குறிப்பாக முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும், மருந்து நேர்மாறாக வேலை செய்து அமைதிக்குப் பதில் ஆத்திரத்தையும் அலைபாய்தலையும் கொண்டுவரும். அப்போது இன்னும் ஒரு மாத்திரை கொடுக்காதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கொடுத்தே ஆக வேண்டும் என்றால், அவர் கட்டிலில் உட்கார்ந்த பிறகு கொடுங்கள். கூடத்தில் நாடகம் பார்க்கும்போதே கொடுத்தால் நாற்காலியிலிருந்து எழும்போதே தள்ளாடும். கழிவறைக்குப் போகிற வழியில் சின்ன விளக்கு போட்டு வையுங்கள். பல வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் கழிவறை வாசலில் ஒரு படி இருக்கும், அங்கேதான் ராத்திரி இரண்டு மணிக்குக் கால் இடறும். கைப்பிடி போடுவதற்கு அரசாங்க உதவித் திட்டம் இருக்கிறது, விசாரியுங்கள். பணிப்பெண் மருந்து கொடுப்பவர் என்றால், "தூங்கலைன்னா இன்னொன்னு குடு" என்ற உத்தரவை மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள்.

ஊரிலிருந்து வரும் பெட்டி

திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ பேரப்பிள்ளையைப் பார்க்க வரும் பெற்றோரின் பெட்டியில் ஊறுகாய், பொடி வகைகளோடு மூன்று மாத மாத்திரையும் இருக்கும். தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை, வீரியமான வலி மருந்து ஆகியவற்றைச் சிங்கப்பூருக்குள் கொண்டுவர சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவைப்படலாம். மருந்துக்கு மருந்து, அளவுக்கு அளவு விதி மாறும். டிக்கெட் போட்ட கையோடு ஆணையத்தின் இணையத்தளத்தில் மருந்தின் பெயரைத் தேடிப் பாருங்கள். டாக்டர் கடிதம், சீட்டு, கடை ரசீது, மருந்து வந்த அட்டைப்பெட்டி எல்லாம் கையோடு இருக்கட்டும். மாத்திரையைப் பிரித்து டப்பாவில் கொட்டிக் கொண்டுவருவதுதான் நம்மவர்கள் வழக்கம், அதை இந்த மருந்துக்குச் செய்யாதீர்கள். ஊரில் கடையில் கேட்டாலே கொடுக்கிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். அங்கேயும் அல்ப்ராசோலாம், டயசிபாம் எல்லாம் 2014-இலிருந்து எச்1 பட்டியலில் இருக்கின்றன. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, விற்றதைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

எரிமின் என்ற பெயரில் யாராவது ஏதாவது நீட்டினால் கையாலும் தொடாதீர்கள். அதிலுள்ள நிமெட்டசிபாமும் பென்சோதான், ஆனால் சிங்கப்பூரில் அது சி பிரிவுப் போதைப்பொருள். வைத்திருந்தாலே 10 ஆண்டு வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். கள்ளச் சந்தை மாத்திரைக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்பது விற்கிறவனுக்கே தெரியாது.

நிறுத்துவது எப்படி

அங் மோ கியோவில் இருக்கும் என் பெரியம்மா, பெரியப்பா தவறிய பிறகு லொராசிபாம் 1 மில்லிகிராம் தினமும் போட ஆரம்பித்தார். அது வருடக்கணக்கில் நீண்டது. ஒரு ராத்திரி கழிவறை வாசலில் விழுந்து மணிக்கட்டு உடைந்த பிறகுதான் எல்லோரும் விழித்துக்கொண்டோம். என் அண்ணன் அன்றைக்கே மாத்திரையைக் குப்பையில் போடக் கிளம்பினார். கையைப் பிடித்துத் தடுத்தேன்.

வாரக்கணக்கில் தினமும் போட்டவர் திடீரென்று நிறுத்தவே கூடாது. அழுத்தி அழுத்திக் கொடுத்த பிரேக்குக்கு மூளை பழகியிருக்கும். சட்டென்று எடுத்தால் நரம்புகள் கட்டுப்பாடில்லாமல் பாயும். தூக்கம் முன்பைவிட மோசமாகும், வியர்க்கும், நடுங்கும், வெளிச்சமும் சத்தமும் தாங்காது, வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். சீக்கிரம் வெளியேறும் மருந்தில் ஒன்றிரண்டு நாளிலேயே இது தொடங்கும். டயசிபாமில் ஒரு வாரம் கழித்துக்கூட வரலாம், அதற்குள் "பார்த்தியா, ஒண்ணும் ஆகலை" என்று நினைத்திருப்போம். இப்படி உடம்பு பழகிப்போவதை ஒழுக்கக்கேடாகப் பார்க்க வேண்டாம். டாக்டர் சொன்னபடியே போட்டவருக்கும் இது வரும்.

2025-இல் அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 விழுக்காடு குறைத்துப் பார்க்கச் சொல்கிறது. எவ்வளவு அவசரமானாலும் 2 வாரத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் குறைப்பது கூடாது. சிலருக்கு டாக்டர் நீண்ட நேரம் தங்கும் டயசிபாமுக்கு மாற்றி, அதைக் குறைப்பார். பெரியம்மாவின் வயதுக்கு அது வேண்டாம் என்று அவருடைய டாக்டர் லொராசிபாமையே, அதே அளவு வரும்படி, அரை மில்லிகிராம் மாத்திரை இரண்டாக மாற்றித் தந்தார். மாத்திரை வெட்டும் சின்னக் கருவி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். அரை மில்லிகிராம் மாத்திரையை நாலாக வெட்டி, மாதம் ஒரு துண்டு குறைப்பது என்று ஏற்பாடு. சிராங்கூன் ரோட்டு நகைக்கடை கொடுத்த நாட்காட்டியில் பெரியம்மா தினமும் எத்தனை துண்டு என்று பென்சிலால் எழுதினார். ஏற்கெனவே போட்டாயிற்றா என்று ராத்திரி பதினொன்றுக்கு வரும் சந்தேகமும் அதனால் தீர்ந்தது.

மூன்றாவது மாதம் கஷ்டமாக இருந்தது. "லிஃப்டு சத்தம் காதுக்குள்ளேயே கேக்குதுடி, ஒன்னும் வேணாம், பழையபடியே கொடுத்திரு" என்றார். டாக்டரிடம் பேசினோம். பழைய அளவுக்கு ஏற்றவில்லை, அடுத்த குறைப்பைத் தள்ளிப்போட்டார், அதே அளவில் இன்னொரு மாதம். அது முக்கியம். முடியவில்லை என்றால் நின்ற இடத்திலேயே கொஞ்ச நாள் நிற்கலாம், அதை யாரும் தோல்வி என்று எண்ண வேண்டாம். கடைசி இரண்டு துண்டுகளுக்குத்தான் அதிக நாள் பிடித்தது. மொத்தத்தில் ஒரு வருடத்துக்கு மேல். இப்போது அவருக்கு ஐந்தரை மணி நேரம்தான் தூக்கம். எழுபத்தெட்டு வயதில் அது போதும் என்று டாக்டர் சொல்கிறார், பெரியம்மா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

வெட்டும் முன் ஒன்று: மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகள் உண்டு, அவற்றை வெட்டவோ பொடிக்கவோ கூடாது. உங்களுடையது எது என்று மருந்தகத்தில் காட்டிக் கேளுங்கள். சொன்னதைவிட அதிகம் போட்டுக்கொண்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். குறைக்கும் கணக்கு உண்மையான அளவிலிருந்து தொடங்கினால்தான் சரிவரும். மனநலக் கழகத்தில் போதைப் பழக்கத்துக்கான தேசியப் பிரிவு இருக்கிறது. மருந்துப் பழக்கத்துக்கும் அங்கே போகலாம்.

உடனே உதவி தேவைப்படும்போது

எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு மெதுவாக அல்லது விட்டு விட்டு வருகிறது, உதடு நீலம் பாய்ந்திருக்கிறது என்றால் ஆம்புலன்சுக்கு 995-ஐ அழையுங்கள். காத்திருக்கும்போது மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் தண்ணீரோ கோப்பியோ ஊற்றாதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். காலி உறைகளைத் தேடி எடுத்து ஆம்புலன்சில் வருகிறவரிடம் கொடுங்கள். குடித்திருந்தால் அதையும் சொல்லுங்கள். ஃப்ளூமசெனில் என்ற மாற்று மருந்து இருக்கிறது. ஆனால் நெடுநாள் பென்சோ போட்டவருக்கு அது வலிப்பைக் கிளப்பலாம், அதனால் எத்தனை நாளாகப் போடுகிறார் என்பது டாக்டருக்கு முக்கியமான தகவல். மருந்தை நிறுத்திய பிறகு வலிப்போ குழப்பமோ வந்தாலும் அதே 995 தான்.

வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணத்தோடு இந்த மாத்திரைகளைப் பார்க்கிறீர்கள் என்றால், மாத்திரையை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு, உதவி எண்களான 1767 அல்லது 1771-ஐ அழையுங்கள். மனநலக் கழகத்தின் 6389 2222 எண்ணும் நாள் முழுவதும் எடுக்கும். வீட்டில் அப்படிப்பட்ட கவலை இருந்தால், டாக்டரிடம் சொல்லி ஒரு வாரத்துக்கு மட்டும் மருந்து வாங்குங்கள், பூட்டி வையுங்கள்.

மிஞ்சிய மாத்திரையை அடுத்த தடவைக்கு என்று குளிர்பெட்டிக் கதவில் சேர்க்க வேண்டாம், எதிர்வீட்டு ஆண்ட்டிக்குக் கொடுக்கவும் வேண்டாம். உங்கள் மருந்தகம் திரும்ப வாங்கிக்கொள்ளுமா என்று கேளுங்கள். இல்லை என்றால் உறையிலிருந்து பெயரைக் கிழித்துவிட்டு, மாத்திரையைப் பயன்படுத்திய தேயிலைத்தூளோடு கலந்து பையில் இறுகக் கட்டி, குப்பையில் போட்டுவிடுங்கள்.